பஸ்தியானாவின் அறுநூறு யூரோக் கத்தி

பஸ்தியானா கோஸ்ஸுவுக்கு இடது கைப் பழக்கம். நம் தீவின் பட்டாடா மலையில் நூற்றெண்பது செம்மறி ஆடுகளை வைத்துக்கொண்டு பொழுது விடியுமுன் பால் கறக்கிற பெண்பிள்ளைக்கு எந்தக் கை என்பது ஒரு பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். ஆட்டுக்கு அது தெரியாது. பாலுக்கும் தெரியாது. கத்திக்குத் தெரியும். கடையில் விற்கிற மடக்குக் கத்தியின் அலகில், திறப்பதற்கு நகம் வைக்க ஒரு சின்னப் பள்ளம் இருக்குமே, அது வலது கைக்காரனுக்கென்றே வெட்டியது. இடது கைக்காரி அதைத் திறக்க மணிக்கட்டை முறுக்கி வித்தை காட்ட வேண்டும். முப்பத்தொன்பது வயது வரை பஸ்தியானா அந்த வித்தையைக் காட்டினாள். கட்டைவிரலில் நாலு வெட்டு வாங்கினாள். நாலாவது வெட்டு ஆறாமல் சீழ் வைத்த வாரம், பாலாடைக்கட்டி விற்ற பணத்தை அப்படியே எடுத்துக்கொண்டு கொல்லர் கொஸ்தந்தீனுவின் பட்டறைக்குப் போய், "எனக்குன்னு ஒண்ணு செஞ்சு குடுங்க" என்று நின்றாள்.

பதினாலு மாதம் காக்க வைத்தார் மனுஷன். கடைசியில் கொடுத்தார். கைப்பிடி ஒரே துண்டு கிடாக்கொம்பு, தேன் நிறம். அலகு, மிர்த்தில் என்கிற புதர்ச்செடியின் இலை மாதிரி ஒடுங்கி நுனியில் கூராக முடிந்தது. ஸ்பிரிங் கிடையாது, பூட்டு கிடையாது, ஒரே ஒரு ஆணி. அந்த ஆணியை எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் கொல்லரின் வித்தை முழுக்க இருக்கிறது. கொஞ்சம் தளர்ந்தால் பையில் தானே திறந்துகொள்ளும், கொஞ்சம் இறுகினால் நகம் பிய்யும். இது இரண்டும் இல்லை. நகப் பள்ளம் மறுபக்கம் இருந்தது. பஸ்தியானா இடது கட்டைவிரலை வைத்தாள், அலகு எழுந்து வந்தது. மூடினாள், சத்தமே இல்லை. விலை அறுநூறு யூரோ. அப்போதைய விலைக்கு ஐந்து ஆடு.

ஊர் சும்மா இருக்குமா? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? "பஸ்தியானாவுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்று மதுக்கடையில் ஒருவன் சொல்ல, "அஞ்சு ஆட்ட மடக்கிப் பையில வெச்சிருக்கா" என்று இன்னொருவன் சொல்ல, அது ஒரு வாரம் ஓடியது. மற்றவர்கள் ஒரு வாரத்தில் விட்டுவிட்டார்கள். அவள் கொழுந்தன் பரோரே மட்டும் பத்தொன்பது வருஷம் விடவில்லை.

பரோரே எச்சில் கையால் காக்காய் ஓட்டாத ஆள். இதை நான் கோள் சொல்லவில்லை, அவனே பெருமையாகச் சொல்லிக்கொள்வான். அவன் கத்தி எட்டு யூரோ, பெரிய கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் மிட்டாயோடு மிட்டாயாகத் தொங்குகிற ரகம். தொலைந்தால் இன்னொன்று, முனை உடைந்தால் இன்னொன்று. பஸ்தியானாவைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே பாட்டுத்தான்.

"தொலையாத கத்தி உலகத்துல இல்ல, அண்ணி. என் கத்தி தொலைஞ்சா எட்டு யூரோவுக்கு அழுவேன். உங்க கத்தி தொலைஞ்சா அறுநூறுக்கு அழுவீங்க. அன்னிக்கு வந்து கணக்குச் சொல்றேன்."

"அறுக்கமாட்டாதவன் இடுப்புல அம்பத்தெட்டு அரிவாளாம். போடா அந்தப் பக்கம்" என்பாள் பஸ்தியானா.

நம் பக்கத்துப் பந்தி எப்படி என்று சொன்னால்தான் இந்தச் சண்டையின் காரம் புரியும். கம்பளி வெட்டு முடிந்து விருந்து போட்டால் இறைச்சி வரும், ரொட்டி வரும், திராட்சை மது வரும். கத்தி வராது. யாரும் வைக்க மாட்டார்கள். அவரவர் பையிலிருந்து அவரவர் கத்தி. பக்கத்து ஆளின் கத்தியைக் கேட்பது அவன் வாயிலிருக்கும் பல்லைக் கேட்பது மாதிரி. அப்படி ஒரு பந்தியில்தான் பரோரேவின் எட்டு யூரோக் கத்தி எலும்பில் வழுக்கி, ஸ்பிரிங் தளர்ந்து, அவன் விரல்மேலேயே மடங்கியது. மூன்று தையல். கட்டுப் போட்ட கையோடு திரும்பி வந்து, "தையல் இலவசந்தான்" என்றானே பார்க்கலாம்! அப்படிப்பட்டவனிடம் என்ன பேசுவது?

பஸ்தியானாவோ பேசுவதை விட்டுவிட்டு வெட்டிக்கொண்டிருந்தாள். வைக்கோல் கட்டின் கயிறு, குட்டியின் தொப்புள்கொடி, மகன் காலில் ஏறிய முள், பேரிக்காய், மத்தியான ரொட்டி, எல்லாம் அந்த ஒரு கத்திதான். அலகு கறுத்தது, மெலிந்தது. வருஷத்துக்கு ஒருமுறை கொல்லரிடம் கொண்டுபோனால் ஆணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் வேணாம், போ" என்பார். பத்தொன்பது வருஷம் அவள் பாவாடைப் பையில் கிடந்து, அது கத்தி என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. வினை அங்கேதான் வந்தது.

இந்த ஏப்ரலில் பரோரேவின் மகள் மரியாஞ்சலா, கடல் தாண்டி டுரின் நகரத்திலிருந்து போன் பண்ணினாள். நாலு மாதப் பிள்ளைக்கு ஞானஸ்நானம். ஞானத்தாய் பஸ்தியானா பெரியம்மாதான். சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு, வராமல் இருக்கக் கூடாது. வராமல் இருப்பாளா? தூக்கி வளர்த்த பெண்ணின் பிள்ளை. புருஷன் நன்னியை ஆட்டோடு விட்டுவிட்டு, கறுப்புப் பாவாடையும் பட்டுத் துண்டுமாகக் கிளம்பினாள். வேலைப் பாவாடையைக் கழற்றியதும் கைக்குட்டை, மூக்குக்கண்ணாடி, கத்தி மூன்றையும் எடுத்துப் புதுப் பாவாடைப் பைக்குள் போட்டாள். யோசிக்கவே இல்லை.

பரோரே வண்டி ஓட்டினான். விமான நிலையத்து வண்டி நிறுத்தத்தில் நாளுக்கு இவ்வளவு என்று கேட்பார்களாம், அது பகற்கொள்ளையாம். அதனால் ரெண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு தூரத்து உறவுக்காரன் முற்றத்தில் வண்டியைப் போட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடக்க வைத்தான். சோதனை வரிசையில் நிற்கும்போது விமானத்துக்கு முப்பத்தைந்து நிமிஷம் இருந்தது.

இயந்திரம் கத்தியது. முதலில் பரோரேவுக்கு. பையில் கைவிட்டான், எட்டு யூரோக் கத்தி வந்தது. ஒரு வினாடி முழித்தான். பிறகு முகமெல்லாம் பல்லாக, அதைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டான். டங் என்று விழுந்தது.

"பாத்தீங்களா அண்ணி? முடிஞ்சுது! இதுக்குத்தான் சொல்றது. நானும் அழல, என் வீட்லயும் யாரும் அழல."

அடுத்து பஸ்தியானாவுக்குக் கத்தியது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பையில் இருந்ததை எடுத்துத் தட்டில் வைத்தாள். சோதனை செய்கிற பெண் சின்ன வயசு, நம் மலைப் பக்கத்துப் பிள்ளைதான். கத்தியைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"ஐயோ, அத்தை! இது உள்ள போகாதே."

"தெரியாம கொண்டாந்துட்டேன் கண்ணு. பெட்டியில போட்டு அனுப்ப முடியாதா?"

"பெட்டி ஏத்துறது மூடியாச்சு. சட்டப்படி தொட்டியில போடணும். ஆனா என் கை வராது, அத்தை. வெளிய யாராச்சும் தெரிஞ்சவங்க இருந்தா குடுத்துட்டு ஓடியாங்க. பத்து நிமிஷம். அதுக்கு மேல என்னால முடியாது."

தெரிந்தவர் யார் இருக்கிறார்? வண்டி ரெண்டு கிலோமீட்டருக்கு அப்பால். நன்னி ரெண்டு மணி நேரத்துக்கு அப்பால். அங்கே டுரினில் பிள்ளை வெள்ளைச் சட்டை போட்டுக் காத்திருக்கிறது. பஸ்தியானாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போகாவிட்டால் பிள்ளைக்கு ஞானத்தாய் இல்லை. போனால் கத்தி இல்லை. கத்தி மட்டுமா? பத்தொன்பது வருஷமாக பரோரே காத்திருந்த நாள் இது. அவன் வாய் ஏற்கெனவே திறந்துவிட்டது.

"போட்டுட்டு வாங்க, அண்ணி. எட்டும் அறுநூறும் ஒரே தொட்டிலதான் விழணும்னு இருக்கு."

"வாய மூடு!" என்று ஒரு கத்து கத்திவிட்டு ஓடினாள். ஐம்பத்தெட்டு வயது, கோயிலுக்குப் போடுகிற ஞாயிற்றுக்கிழமைச் செருப்பு, ஓடினாள். வெளியே வாசலில் வரிசையாக ஏழு சிமென்ட் தொட்டி, தொட்டிக்கு ஒரு அரளி. இடமிருந்து மூன்றாவது தொட்டியின் முன் மண்டியிட்டாள். டாக்சிக்காரர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். கையாலேயே தோண்டினாள். கத்தியைக் கைக்குட்டையில் சுற்றி, முழங்கை ஆழத்தில் வைத்து மூடி, மண்ணைத் தட்டி, சிலுவை போட்டுக்கொண்டு திரும்பி ஓடினாள். அந்தச் சோதனைப் பெண் அவள் நகத்து மண்ணைப் பார்த்தாள், தலையசைத்து உள்ளே விட்டாள்.

விமானத்தில் இடுப்பு வாரைப் பூட்டிக்கொண்டே பரோரே கேட்டான். "எங்க வெச்சீங்க?"

சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது.

"அறுநூறு யூரோவ நட்டு வெச்சுட்டு வந்திருக்கீங்க! தண்ணி ஊத்துனா குட்டி போடுமா?" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பணிப்பெண் வந்து என்ன ஆயிற்று என்று விசாரிக்கிற அளவுக்குச் சிரித்தான்.

ஞானஸ்நானம் நல்லபடியாக நடந்தது. நகத்தில் மண்ணோடுதான் பஸ்தியானா பிள்ளையை ஞானஸ்நானத் தொட்டிக்கு மேல் பிடித்தாள். பிள்ளை அழவில்லை. அழ வேண்டியவள் வேறு ஒருத்தி. இரவு விருந்து ஒரு உணவகத்தில். மரியாஞ்சலாவின் புருஷன் வீட்டாரும் நம் தீவிலிருந்து ஆலை வேலைக்குப் போனவர்கள். சுட்ட ஆட்டுக்குட்டி வந்ததும் இருபது பேர் பையிலிருந்து இருபது கத்தி வெளியே வந்தது. இரண்டு பேர் கை மட்டும் வெறுங்கை.

உணவகத்துக் கத்தியோ, முனை வட்டமாக, வெண்ணெய் தடவக்கூட யோசிக்கும். பரோரே அதை வைத்துக்கொண்டு கறியோடு மல்லுக்கட்டினான், சட்டையெல்லாம் சாறு. பஸ்தியானாவின் இடது கை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பாவாடைப் பைக்குப் போய் வெறுமையாகத் திரும்பியது.

சம்பந்தி அம்மாள் தன் கத்தியை மூடி அவள் தட்டருகே வைத்தாள். "எடுத்துக்குங்க அக்கா, தப்பில்ல."

"வேணாம்மா. பசியில்ல" என்றாள் பஸ்தியானா. பசி இருந்தது. ரொட்டியைக் கையால் பிய்த்துத் தின்றுவிட்டு எழுந்தாள். உண்மையைச் சொன்னால் அவளுக்கு அவமானமாக இருந்தது. கை முடமான மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் பரோரே கடைக்குப் போய் வந்தான். கையில் புதுக் கத்தி, ஏழு யூரோ தொண்ணூறு. "பாருங்க, எட்டு யூரோகூட இல்ல. ஒரு ராத்திரிதான் கத்தியில்லாம இருந்தேன். நீங்க? இந்நேரம் எவனோ தோட்டக்காரன் அதுல பேரிக்காய் சீவிட்டிருப்பான்." அன்றைய மத்தியானம் பூராவும் அதை எல்லாருக்கும் திறந்து காட்டினான். சாயங்காலத்துக்குள் முனை கொஞ்சம் வளைந்தது, அதை அவன் யாருக்கும் காட்டவில்லை.

திங்கட்கிழமை திரும்புகிற வழி. டுரின் விமான நிலையம். இயந்திரம் கத்தியது. பரோரே பையில் கைவிட்டான்.

அடேயப்பா, அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! ஏழு யூரோ தொண்ணூறு டங் என்று தொட்டியில் விழுந்தது. மூன்று நாளில் இரண்டாவது. பஸ்தியானாவுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது, ஆனால் வெளியே வரவில்லை. அவள் நெஞ்சு முழுக்க மூன்றாவது அரளித் தொட்டியில் இருந்தது.

விமானம் இறங்கியதும் பெட்டியைப் பரோரே தலையில் கட்டிவிட்டு வாசலுக்கு ஓடினாள். வாசலில் அரளி இல்லை. தொட்டியும் இல்லை. ஏழு தொட்டி இருந்த இடத்தில் ஏழு வட்டமாக ஈரக் கறை. அதற்கு மேல் புதுசாக நீள மரப்பெட்டிகள், அவற்றில் முழங்கால் உயரத்துக்கு ஏதோ பனைக்கன்று. வெயில்காலத்துச் சுற்றுலாக்காரர்களுக்காக வாசலை அழகு பண்ணியிருக்கிறார்களாம்.

பஸ்தியானா நடைபாதை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பரோரே இரண்டு பெட்டியோடு மூச்சுவாங்கி வந்தான். வெறும் இடத்தைப் பார்த்தான். அவன் உதடு விரிந்தது. "பத்தொன்பது வருஷமா சொன்னேனே, அண்ணி! அறுநூறு..." அண்ணியின் முகத்தைப் பார்த்தான். பஸ்தியானா அழவில்லை. இடது கையை மடியில் மல்லாத்தி வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரோரே வாயை மென்றான். பெட்டிகளைக் கீழே வைத்தான்.

"இருங்க" என்றான். நேரே டாக்சிக்காரர்களிடம் போனான். அதட்டினான், கெஞ்சினான், கையை ஆட்டினான். தன் பணம் போனால்கூட அவன் அவ்வளவு அலைந்திருக்க மாட்டான், இதை நான் அவனுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டும். திரும்பி வந்து, "பின்னாடி ஒரு கொட்டகை இருக்காம். தோட்டவேலை பாக்குறவரு எலியான்னு பேரு. எந்திரிங்க" என்றான்.

கொட்டகை வாசலில் ஏழு அரளியும் வேரோடு சாக்கில் சாய்ந்து கிடந்தன. எலியா அறுபது தாண்டிய ஒல்லி ஆள், தொப்பி, மண்ணான கை. பஸ்தியானா வாயைத் திறக்குமுன் அவரே கேட்டார்.

"கத்தியா?"

"எப்படித் தெரியும்?"

"இந்தத் தீவுல வேற எதை ஒளிச்சு வெச்சுட்டுப் போவாங்க?" உள்ளே போய் ஒரு பெயின்ட் வாளியைத் தூக்கி வந்து அவர்கள் முன் வைத்தார். வாளி நிறையக் கத்தி. மடக்குக் கத்தி. பச்சைப் பிடி, சிவப்புப் பிடி, மரம் மாதிரி பிளாஸ்டிக், துரு, மண். "ஆறு வருஷத்துச் சாகுபடி. தொட்டியில, புதருல, குழாயடியில. நாப்பத்தி மூணு எடுத்தேன். விமானத்துக்கு நேரமாச்சு, குப்பைத் தொட்டியில போட மனசு வரல, புதைச்சுட்டுப் போயிர்றாங்க. போறப்ப எல்லாரும் திரும்பி வருவோம்னுதான் போறாங்க."

"வந்தாங்களா?" என்று கேட்டது பரோரே.

"மூணு பேரு. வந்த மூணு பேரும் கையில செஞ்ச கத்திக்காக வந்தவங்க. மிச்ச நாப்பது இங்கதான் கிடக்கு. எட்டு யூரோவுக்காக யாரும் மண்ணுல மண்டி போட மாட்டாங்க. ஒருத்தரும் இதுக்காக வந்து அழுததில்ல, தம்பி."

பரோரே வாளிக்குள் பார்த்தான். நாற்பதும் அவனுடையது மாதிரியே இருந்தன. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

பஸ்தியானா குனிந்து வாளியைக் கிளறப் போனாள். எலியா தடுத்தார். "அதுல இருக்காது, அக்கா. உங்களுது எப்படி இருக்கும்னு சொல்லுங்க."

"கிடாக்கொம்பு. ஒரே துண்டு. அலகு கறுத்திருக்கும். நகப் பள்ளம்..."

"நகப் பள்ளம் மறுபக்கம்" என்று அவரே முடித்தார். சட்டைப் பை பொத்தானைக் கழற்றி, கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்தார். "நேத்து அரளிய எடுக்குறப்ப வந்துச்சு. திறந்து பாக்கலாம்னா என் கைக்குத் திறக்கவே வரல. நானும் முறுக்கிப் பாத்தேன், நெளிச்சுப் பாத்தேன். அப்புறந்தான் புரிஞ்சுது, இது விக்கிறதுக்குச் செஞ்சதில்ல, யாரோ ஒருத்தருக்குன்னு செஞ்சது. அவங்க வராம இருக்க மாட்டாங்கன்னு வாளியில போடல."

பஸ்தியானா இடது கட்டைவிரலை வைத்தாள். அலகு எழுந்து வந்தது. மூடினாள், சத்தமில்லை. அதற்குப் பிறகுதான் அழுதாள், அந்த மண் கொட்டகையில் நின்று, சின்னப் பிள்ளை மாதிரி. எலியாவுக்குப் பணம் கொடுக்கப் போனாள், அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அதெல்லாம் வேணாம். ஒரு பத்து சென்ட் நாணயம் குடுங்க. கத்திய சும்மா வாங்குனா உறவு அறுந்துரும், நம்ம ரெண்டு பேருக்கும் இன்னிக்குத்தானே உறவே ஆரம்பிச்சிருக்கு." நாணயத்தை வாங்கிச் சட்டைப் பையில் போட்டு, பொத்தானை மாட்டிக்கொண்டார்.

பிறகு வாளியைக் காலால் பரோரே பக்கம் தள்ளினார். "நீங்களும் வெறுங்கையா நிக்கிறீங்களே, தம்பி? பிடிச்சதா ஒண்ணு எடுத்துக்குங்க. காசு வேணாம்."

இலவசம்! பரோரேவுக்கு இலவசம் என்ற சொல் எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தையல்கூட இலவசம் என்று மகிழ்ந்தவன். வாளிக்கு மேல் குனிந்தான். சிவப்பு ஒன்றை எடுத்தான், திறந்தான், ஆடியது. போட்டான். பச்சை ஒன்றை எடுத்தான், போட்டான். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"வேணாம், அண்ணே" என்றான்.

வெயிலில் ரெண்டு கிலோமீட்டர் நடந்தார்கள். இரண்டு பெட்டியையும் பரோரேவே தூக்கினான். வண்டி மலையேறி பட்டாடா முனைக்கு வந்ததும், வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் மறுபக்கம் திருப்பினான்.

"எங்கடா போற?"

"சும்மா. ஒரு வேலை இருக்கு."

வண்டி கொல்லர் கொஸ்தந்தீனுவின் பட்டறை வாசலில் நின்றது. பஸ்தியானா மூச்சு விடவில்லை. விட்டால் எங்கே அவன் மனசு மாறிவிடுமோ என்று பயம்.

கொல்லர் அரத்திலிருந்து தலையைத் தூக்கினார். பரோரேவைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "வழி தவறி வந்துட்டியா?"

"ஒரு கத்தி சொல்லணும்" என்றான் பரோரே, சுவரைப் பார்த்தபடி.

"இப்ப சொன்னா இருபது மாசம். எழுநூத்தம்பது ஆகும்."

பரோரே கால்சட்டைப் பையைத் தடவிக்கொண்டான். "சரி."

"யாருக்கு?"

"என் பேரனுக்கு."

"என்ன வயசு?"

"நாலு மாசம்."

கொல்லர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நான் கை அளவெடுத்துத்தான் பிடி செய்வேன். நாலு மாசக் கைக்கு என்ன பிடி செய்யுறது? பேரன் வளந்தப்புறம் கூட்டிட்டு வா."

பரோரே காதுமடல் வரை சிவந்து நின்றான். வாசல்படியில் நின்ற பஸ்தியானாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. மூன்று நாளாகத் தொண்டையில் அடைத்திருந்த சிரிப்பு, பத்தொன்பது வருஷத்துச் சிரிப்பு, மொத்தமாக வெடித்துக் கிளம்பியது.

"பேரனாவது கீரனாவது! அவனுக்குத்தான் கத்தி! இந்தக் கஞ்சப்பயலுக்குத்தான்! அவன் கையப் பிடிச்சு அளங்க, ஓடிரப் போறான்!"

தெருவில் போன இரண்டு பேர் நின்றார்கள். எதிர்மதுக்கடையிலிருந்து நாலு தலை எட்டிப் பார்த்தது. "என்ன ஆச்சு, பஸ்தியானா?" என்று யாரோ கேட்டார்கள். அவளுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. போனை எடுத்து நன்னியை அழைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே, பரோரே பெருமூச்சு விட்டுக்கொண்டே கையை நீட்டினான். கொல்லர் ஒரு நூலை எடுத்து அவன் உள்ளங்கையைச் சுற்றி அளந்தார்.

நன்னி மாலைக் கறவையில் இருந்தார். பின்னால் ஆடுகள் கத்துவது கேட்டது. "வந்துட்டீங்களா? ஞானஸ்நானம் நல்லபடி நடந்துச்சா?" என்றார்.

"அது கிடக்கட்டும்!" என்று நடுத்தெருவில் நின்று, கடை, பட்டறை, கோயில் எல்லாவற்றுக்கும் கேட்கக் கத்தினாள் பஸ்தியானா. "உங்க தம்பி கத்தி சொல்லிட்டான்! எழுநூத்தம்பது! நான் ஜெயிச்சுட்டேன்யா!"